லுட்விக் போல்ட்ஸ்மான்

லுட்விக் எடுவார்ட் போல்ட்ஸ்மான் (பெப்ரவரி 20, 1844 – செப்டம்பர் 5, 1906) ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆவார். வெப்பம் என்பது அணுக்கள், மூலக்கூறுகள் ஆகியவற்றின் இடைவிடாத இயக்கத்தின் வெளிப்பாடே என்னும் கருத்துக்குக் கணித அடிப்படை அமைத்தவர்களுள் இவர் முதன்மையானவர். என்ட்ரோப்பி (சிதறம்) என்னும் அளவுக்கு நிகழ்தகவின் வழியாக விளக்கம் கண்டது இவருடைய தலையாய பணியாகும். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், வில்லார்ட் கிப்ஸ் ஆகியோருடன் இவரும் புள்ளியியல் இயக்கவியல் என்னும் துறையைத் தோற்றுவித்தவராகக் கருதப்படுகிறார்.

அணுக்கள் உண்மையில் உள்ளனவா என்பதே ஐயத்திற்கு உரியதாக இருந்த காலத்தில் போல்ட்ஸ்மான் தம் கொள்கைகளை அணுக்களின் மீது கட்டியெழுப்பினார். இதனால் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் கடுமையான விவாதங்களில் கழிக்க நேர்ந்தது. வெப்ப எந்திரங்களைப் பற்றிய ஆய்வில் பிறந்த என்ட்ரோப்பி, பிற்காலத்தில் வேதியியல், உயிரியல், தகவல் கோட்பாடு, அண்டவியல் எனப் பல துறைகளிலும் பயன்படத் தொடங்கியதற்கு இவர் அளித்த விளக்கமே வழிவகுத்தது.

இளமையும் கல்வியும்

போல்ட்ஸ்மான் வியன்னா நகரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் பெர்லினிலிருந்து வியன்னாவுக்குக் குடிபெயர்ந்த கடிகாரத் தொழிலாளர். தந்தை லுட்விக் கியார்க் போல்ட்ஸ்மான் அரசின் வரித்துறை அலுவலர். தாய் கத்தரினா சால்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்தவர். தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் வெல்ஸ், லின்ஸ் ஆகிய ஊர்களில் வாழ்ந்தது. லின்ஸ் நகரில் பள்ளிக் கல்வி பயின்ற போல்ட்ஸ்மான், பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற அன்டன் புரூக்னரிடம் பியானோ கற்றார். இசையில் அவருக்கு இருந்த ஈடுபாடு இறுதிவரை நீடித்தது. அவருக்கு 15 வயதானபோது தந்தை இறந்தார்.

1863 ஆம் ஆண்டில் வியன்னா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் பயின்றார். அங்கு யோசெப் ஸ்டெபான் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். மாக்ஸ்வெல்லின் ஆய்வுக் கட்டுரைகளைப் போல்ட்ஸ்மானிடம் கொடுத்த ஸ்டெபான், அவற்றைப் படிப்பதற்காக ஓர் ஆங்கில இலக்கண நூலையும் சேர்த்துக் கொடுத்தார். அப்போது போல்ட்ஸ்மான் ஆங்கிலம் அறியாதவர். அதே நிறுவனத்தைச் சேர்ந்த யோசெப் லோஷ்மிட் 1865 ஆம் ஆண்டில் காற்று மூலக்கூறு ஒன்றின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என மதிப்பிட்டிருந்தார். ஆகவே போல்ட்ஸ்மானின் ஆசிரியர்களுக்கு அணுக்கள் கற்பனைப் பொருள்கள் அல்ல. எண்ணக்கூடிய, அளக்கக்கூடிய பொருள்கள். இந்நோக்கு அவரிடமும் ஆழமாகப் பதிந்தது.

1866 ஆம் ஆண்டில் அவர் முனைவர் பட்டம் பெற்றார். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு இயக்கவியல் அடிப்படையில் பொருள் காண முயலும் அவருடைய கட்டுரை அதே ஆண்டில் வெளியானது. அந்தக் கேள்வியே அவருடைய வாழ்நாள் ஆய்வாகவும் அமைந்தது.

பணியும் குடும்பமும்

1869 ஆம் ஆண்டில், தம் 25 ஆம் வயதில், கிராஸ் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இடையில் ஹைடல்பெர்க், பெர்லின் ஆகிய நகரங்களுக்குச் சென்று புன்சன், கிர்க்காஃப், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய அறிஞர்களுடன் பழகினார். 1873 முதல் 1876 வரை வியன்னாவில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

கிராஸ் நகரில் ஹென்ரியெட்டே ஃபொன் ஐகென்ட்லர் என்னும் ஆசிரியப் பயிற்சி பெற்ற பெண்ணைச் சந்தித்தார். ஹென்ரியெட்டே கிராஸ் பல்கலைக்கழகத்தில் கணித, இயற்பியல் விரிவுரைகளைக் கேட்க விரும்பினார். பெண்களுக்கு அங்கு இடமில்லை என மறுக்கப்பட்டபோது மேல்முறையீடு செய்யுமாறு போல்ட்ஸ்மான் அவருக்கு அறிவுரை கூறினார். இருவரும் 1876 ஆம் ஆண்டில் திருமணம் செய்துகொண்டனர். இவர்களுக்கு மூன்று மகள்களும் இரண்டு மகன்களும் பிறந்தனர். மூத்த மகன் லுட்விக் 1889 ஆம் ஆண்டில் குடல்வால் அழற்சியால் இறந்தது போல்ட்ஸ்மானைப் பெரிதும் பாதித்தது.

1876 ஆம் ஆண்டில் செய்முறை இயற்பியல் பேராசிரியராகக் கிராஸ் நகருக்குத் திரும்பிய அவர், அங்கு 14 ஆண்டுகள் தங்கினார். அவருடைய மிகச் சிறந்த ஆய்வுகள் பல கிராஸில் இருந்த ஆண்டுகளில் உருவானவை.

என்ட்ரோப்பி குறித்த ஆய்வுகள்

பின்னணி

சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் தானாகப் பாய்கிறது. எதிர்த்திசையில் தானாகப் பாய்வதில்லை. நீரில் விழுந்த மைத்துளி பரவுகிறது; பரவிய மை மீண்டும் துளியாகத் திரள்வதில்லை. இத்தகைய ஒருவழி நிகழ்வுகளை அளவிடுவதற்காக ருடோல்ஃப் கிளாசியஸ் 1865 ஆம் ஆண்டில் என்ட்ரோப்பி என்னும் அளவை அறிமுகப்படுத்தினார். மாற்றம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அவர் உருவாக்கினார். தனித்து விடப்பட்ட ஓர் அமைப்பில் என்ட்ரோப்பி குறைவதில்லை என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியாகும்.

வெப்பத்தையும் வெப்பநிலையையும் கொண்டு என்ட்ரோப்பியைக் கணக்கிட முடிந்தது. ஆனால் அது உண்மையில் எதனைக் குறிக்கிறது, அது ஏன் கூடிக்கொண்டே செல்ல வேண்டும் என்னும் கேள்விகளுக்கு விடை இல்லை. இவ்விடையையே போல்ட்ஸ்மான் தேடினார்.

1872 ஆம் ஆண்டின் தேற்றம்

ஒரு வளிமத்தில் உள்ள மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே விரைவில் செல்வதில்லை. எந்த விரைவில் எத்தனை மூலக்கூறுகள் செல்கின்றன என்னும் பரவலை மாக்ஸ்வெல் 1860 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். போல்ட்ஸ்மான் 1868 ஆம் ஆண்டில் இதனை விரிவுபடுத்தினார். இது மாக்ஸ்வெல்-போல்ட்ஸ்மான் பரவல் எனப்படுகிறது.

மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதும்போது இப்பரவல் காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கூறும் சமன்பாட்டை 1872 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். இது இன்று போல்ட்ஸ்மான் சமன்பாடு என்று அழைக்கப்படுகிறது. தொடக்கத்தில் பரவல் எப்படியிருந்தாலும், மோதல்களின் விளைவாக ஒரு குறிப்பிட்ட அளவு குறைந்துகொண்டே வந்து, மாக்ஸ்வெல் பரவலை அடைந்ததும் நிலைபெறும் என அதில் காட்டினார். எதிர்க்குறியிட்டுப் பார்த்தால் அந்த அளவு என்ட்ரோப்பியை ஒத்திருந்தது. பின்னர் இது எச்-தேற்றம் எனப் பெயர் பெற்றது.

லோஷ்மிட்டின் எதிர்வாதம்

இத்தேற்றத்தில் உள்ள இடர்ப்பாட்டை 1876 ஆம் ஆண்டில் லோஷ்மிட் சுட்டிக்காட்டினார். நியூட்டனின் இயக்க விதிகளில் காலத்துக்குத் திசை இல்லை. எல்லா மூலக்கூறுகளின் திசைவேகங்களையும் ஒரே கணத்தில் நேர் எதிராகத் திருப்பிவிட்டால், அவை வந்த வழியே திரும்பிச் செல்லும். அப்போது என்ட்ரோப்பி குறைய வேண்டும். அவ்வாறிருக்க, இருதிசைகளிலும் இயங்கக்கூடிய அணுக்களிலிருந்து ஒரு திசையில் மட்டும் இயங்கும் விதி எவ்வாறு கிடைக்கும் என்பதே அவருடைய கேள்வி.

லோஷ்மிட் அணுக்கொள்கையின் எதிரி அல்லர், போல்ட்ஸ்மானின் நண்பர். அவருடைய கேள்வியே போல்ட்ஸ்மானைத் தம் மிகப் பெரிய கண்டுபிடிப்புக்கு இட்டுச் சென்றது.

1877 ஆம் ஆண்டின் விளக்கம்

1877 ஆம் ஆண்டில் போல்ட்ஸ்மான் அளித்த மறுமொழியின்படி, இரண்டாம் விதி மீறவே முடியாத விதி அன்று. அது நிகழ்தகவு பற்றிய விதி. என்ட்ரோப்பி குறையும் இயக்கங்களும் இயலக்கூடியவையே. ஆனால் அவை நிகழும் வாய்ப்பு மிகமிகக் குறைவு.

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பெட்டியை மனத்தளவில் இடம், வலம் என இரு பாதிகளாகப் பிரித்துக்கொள்வோம். அதில் நான்கு மூலக்கூறுகள் மட்டும் உள்ளன. ஒவ்வொன்றும் இரு பாதிகளுள் ஏதேனும் ஒன்றில் இருக்கலாம் என்பதால் மொத்தம் 16 அமைப்புகள் உண்டு.

* நான்கும் இடப்பாதியில் இருக்கும் அமைப்பு: 1
* மூன்று இடத்திலும் ஒன்று வலத்திலும் இருக்கும் அமைப்புகள்: 4
* இரண்டு இடத்திலும் இரண்டு வலத்திலும் இருக்கும் அமைப்புகள்: 6
* ஒன்று இடத்திலும் மூன்று வலத்திலும் இருக்கும் அமைப்புகள்: 4
* நான்கும் வலப்பாதியில் இருக்கும் அமைப்பு: 1

சமமாகப் பரவியிருக்கும் நிலையே மிகுதியான வழிகளில் அமைகிறது. எனினும், நான்கும் ஒரே பக்கத்தில் சேர்வதும் 16 அமைப்புகளில் 2 என்னும் அளவில் நிகழக்கூடியதே. மூலக்கூறுகளின் எண்ணிக்கை 100 ஆனால், மொத்த அமைப்புகள் ஏறத்தாழ 1.27 × 10³⁰ ஆகின்றன. அவற்றுள் அனைத்தும் இடப்பாதியில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். சாதாரண அழுத்தத்தில் ஒரு கன சென்ட்டிமீட்டர் காற்றில் உள்ள மூலக்கூறுகளோ ஏறத்தாழ 2.7 × 10¹⁹. இவை அனைத்தும் தாமாக ஒரு பக்கம் ஒதுங்குவதை எவரும் காணப்போவதில்லை. எந்த விசையும் மூலக்கூறுகளைப் பரவச் செய்வதில்லை; பரவியிருப்பதற்கான வழிகள் பல என்பதாலேயே அவை பரவுகின்றன.

வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே நிலையாகத் தோன்றும் ஒன்று, உள்ளே எத்தனை வழிகளில் அமையக்கூடும் என்னும் எண்ணிக்கையின் மடக்கையே என்ட்ரோப்பி என்பது போல்ட்ஸ்மானின் முடிவு. இரண்டு அமைப்புகளைச் சேர்க்கும்போது வழிகளின் எண்ணிக்கைகள் ஒன்றையொன்று பெருக்குகின்றன, என்ட்ரோப்பிகளோ கூட்டப்படுகின்றன. பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவது மடக்கை என்பதால் அது இங்கு இடம்பெறுகிறது.

என்ட்ரோப்பியை ஒழுங்கின்மையின் அளவு என்று கூறுவது வழக்கம். இது ஓரளவுக்கே பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கைவிட, இயலக்கூடிய நுண் அமைப்புகளின் எண்ணிக்கையே இங்கு கருதப்படுகிறது.

பிற ஆய்வுகள்

ஒளியும் மின்காந்த அலையே என்னும் மாக்ஸ்வெல்லின் கொள்கையை ஐரோப்பாவில் முதலில் ஏற்றுக்கொண்டவர்களுள் போல்ட்ஸ்மானும் ஒருவர். 1870களின் முற்பகுதியில் பல பொருள்களின் மின்கடவாப் பண்புகளை அளந்து, அவை ஒளிவிலகல் எண்ணுடன் மாக்ஸ்வெல் கூறியவாறே தொடர்பு கொண்டுள்ளன எனச் சோதனை மூலம் காட்டினார்.

வெப்பக் கதிர்வீச்சு, தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமைகிறது என ஸ்டெபான் 1879 ஆம் ஆண்டில் சோதனைகளின் அடிப்படையில் கூறினார். 1884 ஆம் ஆண்டில் போல்ட்ஸ்மான் இதனை வெப்ப இயக்கவியலிலிருந்து தருவித்தார். ஆசிரியர், மாணவர் இருவர் பெயராலும் இது ஸ்டெபான்-போல்ட்ஸ்மான் விதி எனப்படுகிறது. விண்மீன்களின் மேற்பரப்பு வெப்பநிலையைக் கணிக்க இவ்விதி உதவுகிறது.

அணுக்கொள்கைக்கு எதிர்ப்பு

1890 ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியரான போல்ட்ஸ்மான், ஸ்டெபானின் மறைவுக்குப் பின் 1894 ஆம் ஆண்டில் அவருடைய இடத்தை ஏற்று வியன்னா திரும்பினார். அடுத்த ஆண்டில் எர்ன்ஸ்ட் மாக் அதே பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராக அமர்ந்தார். புலன்களால் அறிய முடியாதவற்றுக்கு அறிவியலில் இடமில்லை என்பது மாக்கின் நிலைப்பாடு. அணுவை எவரும் கண்டதில்லை என்பதால் அதனைக் கணக்கீட்டுக்கு உதவும் ஒரு கருவியாக மட்டுமே கொள்ளலாம் என்றார் அவர்.

வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், கியார்க் ஹெல்ம் ஆகியோர் ஆற்றலியல் என்னும் கொள்கையை முன்வைத்தனர். இதன்படி ஆற்றலே அடிப்படை. பருப்பொருளும் அணுவும் தேவையற்ற கருத்துகள். 1895 ஆம் ஆண்டில் லூபெக் நகரில் நடந்த ஜெர்மன் அறிவியலாளர் மாநாட்டில் போல்ட்ஸ்மான் இவ்விருவரையும் எதிர்த்து வாதாடினார். அவ்விவாதத்தில் அவருடைய வாதங்களே ஓங்கி நின்றன என்று அங்கிருந்த இளம் இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1896 ஆம் ஆண்டில் மாக்ஸ் பிளாங்க்கின் உதவியாளரான எர்ன்ஸ்ட் செர்மெலோ மற்றோர் எதிர்வாதத்தை எழுப்பினார். ஒரு வரம்புக்குட்பட்ட இயக்க அமைப்பு போதிய காலத்துக்குப் பின் தன் தொடக்க நிலையை ஏறத்தாழ மீண்டும் அடையும் என்பது புவான்காரேயின் தேற்றம். அப்படியானால் என்ட்ரோப்பியும் என்றேனும் ஒருநாள் குறைய வேண்டுமல்லவா என்றார் செர்மெலோ. போல்ட்ஸ்மான் இதனை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறு கொள்கலத்தில் உள்ள வளிமத்துக்கு அவ்வாறு திரும்பத் தேவைப்படும் காலம், மனிதர் கற்பனைக்கு எட்டாத அளவு நீண்டது எனக் கணக்கிட்டுக் காட்டினார்.

1896, 1898 ஆகிய ஆண்டுகளில் அவருடைய வளிமக் கொள்கை விரிவுரைகள் இரு பகுதிகளாக வெளிவந்தன. இரண்டாம் பகுதியின் முன்னுரையில், காலத்தின் போக்கை எதிர்த்துத் தனியாகப் போராடுபவராக அவர் தம்மை உணர்ந்தது தெரிகிறது. இக்கொள்கை மீண்டும் தேவைப்படும் நாளில் மிகுதியானவற்றைப் புதிதாகக் கண்டறிய வேண்டிய நிலை வராதிருக்க இந்நூல் உதவ வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது.

கருத்து மோதல்கள் கடுமையாக இருந்தபோதும் ஆஸ்ட்வால்டுடன் அவருக்கு இருந்த நட்பு முறியவில்லை. 1900 ஆம் ஆண்டில் ஆஸ்ட்வால்டின் முயற்சியாலேயே அவர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஆசிரியராக

போல்ட்ஸ்மான் சிறந்த ஆசிரியர் எனப் பெயர் பெற்றவர். ஸ்வாந்தே அர்ரேனியஸ், வால்தர் நெர்ன்ஸ்ட் ஆகியோர் கிராஸில் அவருடன் ஆய்வு செய்தனர். பால் எரன்ஃபெஸ்ட் அவரிடம் 1904 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் அணுக்கருப் பிளவை விளக்கிய லீசே மைட்னர், வியன்னாவில் அவருடைய விரிவுரைகளைக் கேட்டே இயற்பியலில் பெரும் ஈடுபாடு கொண்டார்.

1903 ஆம் ஆண்டு முதல், மாக் நடத்திவந்த மெய்யியல் விரிவுரைகளையும் போல்ட்ஸ்மானே நடத்தினார். முதல் விரிவுரைக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. 1905 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றச் சென்ற அனுபவத்தை நகைச்சுவை ததும்பும் பயணக் கட்டுரையாக எழுதினார். மது விலக்கு நடைமுறையில் இருந்த அவ்வூரில் திராட்சை மது தேடி அவர் பட்ட பாடும் அதில் இடம்பெற்றுள்ளது.

இறுதிக் காலம்

போல்ட்ஸ்மானின் மனநிலை பெருமகிழ்ச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே அடிக்கடி மாறுவது உண்டு. 1888 ஆம் ஆண்டில் கிர்க்காஃபின் இடத்துக்குப் பெர்லின் பல்கலைக்கழகம் அழைத்தபோது முதலில் இசைந்து, பின்னர் மறுத்தார். லைப்சிக்கிலும் மனச்சோர்வு தொடர்ந்தது. 1902 ஆம் ஆண்டில் அவர் வியன்னாவுக்கே திரும்பினார். இனி நாட்டை விட்டு வேறு பணிக்குச் செல்வதில்லை என்று அப்போது அவர் வாக்களிக்க வேண்டியிருந்தது. பார்வைக் குறைவு, ஈளை நோய், நெஞ்சுவலி ஆகியவையும் அவரை வாட்டின. பிற்காலத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் படித்துக்காட்டக் கேட்கும் நிலை ஏற்பட்டது.

1906 ஆம் ஆண்டில் உடல்நலக் குறைவால் விரிவுரைகளைத் தொடர இயலாமற் போனது. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று, திரியெஸ்த் நகருக்கு அருகிலுள்ள துவினோ என்னும் கடற்கரை ஊரில் குடும்பத்தினருடன் ஓய்வெடுக்கச் சென்றிருந்தபோது அவர் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 62.

அணுக்கொள்கையை அறிவியலுலகம் ஏற்காததே அவருடைய மரணத்துக்குக் காரணம் எனப் பரவலாக எழுதப்படுகிறது. இக்கருத்து முழுமையானதன்று. பல நாடுகளின் அறிவியற் கழகங்கள் அவரைச் சிறப்பித்திருந்தன. பல்கலைக்கழகங்கள் அவரைப் பெறப் போட்டியிட்டன. மாக் 1901 ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். விவாதங்கள் அவருடைய மனத்தைப் புண்படுத்தியிருக்கலாம் எனினும், நெடுங்கால மனநோயும் உடல்நலக் குறைவும் இதில் பெரும்பங்கு வகித்தன.

அணுக்கொள்கையின் வெற்றி

திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவு பிரௌனியன் இயக்கம் எனப்படும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் மோதலே இதற்குக் காரணம் என 1905 ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைனும், 1906 ஆம் ஆண்டில் மரியன் ஸ்மோலுகோவ்ஸ்கியும் கணக்கிட்டனர். 1908 ஆம் ஆண்டு முதல் ஜான் பெரின் பிரான்சில் நடத்திய சோதனைகள் இக்கணக்கீட்டை உறுதி செய்தன. 1909 ஆம் ஆண்டளவில் ஆஸ்ட்வால்டும் அணுக்கள் உண்மையானவை என ஒப்புக்கொண்டார். போல்ட்ஸ்மான் இறந்து மூன்று ஆண்டுகளே கடந்திருந்தன.

இதற்கு முன்பே, 1900 ஆம் ஆண்டில், கரும்பொருள் கதிர்வீச்சை விளக்க முயன்ற மாக்ஸ் பிளாங்க் வேறு வழியின்றிப் போல்ட்ஸ்மானின் எண்ணும் முறையைக் கையாண்டார். எண்ணுவதற்கு வசதியாகப் போல்ட்ஸ்மான் ஆற்றலைச் சிறு கூறுகளாகப் பிரித்திருந்தார். இது அவருக்கு ஒரு கணித உத்தி மட்டுமே. பிளாங்க்கின் கணக்கில் அக்கூறுகளை நீக்க முடியவில்லை. குவாண்டம் கொள்கையின் தொடக்கம் இதுவே.

பிற துறைகளில் என்ட்ரோப்பி

என்ட்ரோப்பியைப் போல்ட்ஸ்மான் எண்ணிக்கையாக மாற்றியதால், வெப்பத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத துறைகளிலும் அதனைப் பயன்படுத்த முடிந்தது.

* வேதியியல்: ஒரு வேதிவினை எத்திசையில் நிகழும் என்பதை ஆற்றல் மாற்றமும் என்ட்ரோப்பி மாற்றமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இழுத்துவிட்ட இரப்பர் பட்டை சுருங்குவதற்கும் என்ட்ரோப்பியே முதன்மைக் காரணம். அதன் நீண்ட மூலக்கூறுகள் நீட்டிய நிலையைவிடச் சுருண்ட நிலையில் மிகுதியான வழிகளில் அமையக்கூடும்.
* உயிரியல்: உயிர்கள் போராடுவது மூலப்பொருள்களுக்காகவோ ஆற்றலுக்காகவோ அன்று, சூடான கதிரவனிலிருந்து குளிர்ந்த புவிக்கு ஆற்றல் பாயும்போது கிடைக்கும் என்ட்ரோப்பி வேறுபாட்டுக்காகவே எனப் போல்ட்ஸ்மான் 1886 ஆம் ஆண்டு உரையொன்றில் விளக்கினார். எர்வின் சுரோடிங்கர் 1944 ஆம் ஆண்டில் வெளியிட்ட உயிர் பற்றிய நூலில் இதே கருத்தை வளர்த்தார்.
* தகவல் கோட்பாடு: 1948 ஆம் ஆண்டில் குளோட் ஷானன் ஒரு செய்தியில் உள்ள தகவலின் அளவுக்கு வகுத்த வாய்பாடு, மாறிலி ஒன்றைத் தவிர, என்ட்ரோப்பியின் வாய்பாட்டையே ஒத்திருந்தது. கணினிக் கோப்புகளைச் சுருக்கும் முறைகளுக்கு இது அடிப்படையாகும்.
* அண்டவியல்: கருந்துளைகளுக்கும் என்ட்ரோப்பி உண்டு என்றும், அது அவற்றின் எல்லைப் பரப்பைப் பொறுத்தது என்றும் 1970களில் யாக்கோப் பெக்கென்ஸ்டைன், ஸ்டீவன் ஹாக்கிங் ஆகியோர் காட்டினர். அண்டம் ஏன் மிகக் குறைந்த என்ட்ரோப்பியுடன் தொடங்கியது என்பது இன்றும் விடை காணப்படாத கேள்வியாகும்.

நினைவுகள்

வெப்பநிலையையும் ஆற்றலையும் இணைக்கும் மாறிலி போல்ட்ஸ்மான் மாறிலி என அழைக்கப்படுகிறது. 2019 மே 20 முதல் இதன் மதிப்பு, கெல்வினுக்கு 1.380649 × 10⁻²³ ஜூல் என மாற்றமின்றி வரையறுக்கப்பட்டு, கெல்வின் அலகே இதனைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. புள்ளியியல் இயற்பியலில் சிறந்த பணிக்காகப் போல்ட்ஸ்மான் பதக்கம் 1975 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. நிலவிலுள்ள ஒரு பள்ளத்துக்கும் இவருடைய பெயர் இடப்பட்டுள்ளது.

வியன்னா மத்திய இடுகாட்டில் உள்ள இவருடைய கல்லறையில் மார்பளவுச் சிலைக்கு மேல் எஸ் = கே. லாக் டபிள்யூ என்னும் சமன்பாடு பொறிக்கப்பட்டுள்ளது. இதில் எஸ் என்பது என்ட்ரோப்பி. கே என்பது போல்ட்ஸ்மான் மாறிலி. டபிள்யூ என்பது அமையக்கூடிய வழிகளின் எண்ணிக்கை. நிகழ்தகவைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தே டபிள்யூ. போல்ட்ஸ்மான் இச்சமன்பாட்டை இந்த வடிவில் எழுதியதில்லை. அவருடைய முறையை ஒருகாலத்தில் ஏற்கத் தயங்கிய மாக்ஸ் பிளாங்க்கே இதற்கு இவ்வடிவத்தையும், மாறிலிக்கு அதன் முதல் மதிப்பையும் அளித்தார்.